தலையில்லாத நாய்

நாயாற்றுக் கடற்கரையில யோசெப் திங்கக்கிழமை மண்ணுக்குள்ள தாட்ட செத்த ஊர்நாயை வியாழக்கிழமை அலை கிளறி வெளியில போட்டுது. உடம்பு கிடக்குது. தலையைக் காணேல்ல.

நரி பிடுங்கின மாதிரியும் இல்லை. கத்தியால நேராய் வெட்டின வெட்டு.

"ஆரோ செய்வினைக்கு எடுத்திருக்கினம்," எண்டார் யோசெப். எங்கட மீனவர் சங்கத் தலைவர் அவர். அவர் ஒண்டைச் சொன்னால் பிறகு ஊரில மறுகதை இல்லை.

அப்பதான் பிள்ளைகுட்டிக்காரி ஜோசபீன் வாயைத் திறந்தாள்.

"கடல் கொந்தளிச்சு இந்தக் கிழமை ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்ல. ஆனால் செவ்வாய்க்கிழமை மீன்காரி நிறஞ்சனா ஐஸ்பெட்டியோட பஸ் ஏறினவள். மீனில்லாத நாளில பெட்டிக்குள்ள என்ன இருந்தது?"

இது காணாதே? முழுச்சனமும் நிறஞ்சனாவின்ர படலையடிக்குப் போச்சுது. தனிய இருக்கிற மனுசி, ஆரோடையும் கனக்கக் கதைக்கிறதும் இல்லை.

முற்றத்தில அந்த ஐஸ்பெட்டியை எரிச்சுக்கொண்டு நிண்டாள். கரும்புகை கிளம்பி எங்கட பக்கம் வந்தது.

"நாயின்ர தலை எங்க?" எண்டார் யோசெப்.

"கொழும்புக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டு இப்பதான் வந்தனான்."

சனம் பின்னுக்குப் போச்சுது.

"ஏனடி?" எண்டு கேட்டாள் ஜோசபீன்.

"செத்த நாய்க்கு விசர், அந்த வெறிநோய், இருந்ததோ இல்லையோ எண்டு மூளையைப் பார்த்தால்தான் தெரியுமாம். தலையை வெட்டி ஐஸில வைச்சுக் கொண்டுபோகச் சொல்லி மிருக வைத்தியர் சொன்னவர். பிறகு பெட்டியை எரிக்கச் சொன்னதும் அவர்தான்."

"விசரோ? தொண்டையில மீன்முள்ளு குத்திச் செத்த நாய் அது," எண்டார் யோசெப்.

நாங்களும் அப்பிடித்தான் நம்பினது. சாகிறதுக்கு முந்தி அந்த நாய் தாடை தொங்கி, வாயால வீணி வடிச்சுக்கொண்டு சுவரையே பார்த்தபடி நிக்கும். ஒருத்தரையும் கடிக்கேல்ல. குரைக்க வெளிக்கிட்டால், ஆரோ மனுசர் அழுற மாதிரி ஒரு சத்தம் வரும். மீன்தலை தின்னிற நாய்க்கு வேற என்ன வரப்போகுது? ஜோசபீனின்ர பிள்ளையள் பாவம் பார்த்து, அதின்ர வாய்க்குள்ள கையை விட்டு முள்ளுத் தேடினதுகள்.

"கடிக்காத நாய்க்கும் விசர் இருக்கும், ஜோசபீன். பிள்ளையளுக்கு ஊசி போடு எண்டு எத்தினை தரம் கெஞ்சினனான்? யோசெப் அண்ணை முள்ளெண்டார், நீ அதைத்தானே பிடிச்சுக்கொண்டாய்."

ஜோசபீன் மண்ணை அள்ளி அவளின்ர முகத்தில எறிஞ்சாள். "என்ர பிள்ளையளுக்குச் சாபம் போடுறியோ?"

அந்த நேரம் பார்த்துச் சுகாதார வாகனம் வந்து நிண்டுது. ஆஸ்பத்திரியில ஊசி போடுற மிஸ்ஸி இறங்கினா.

"கொழும்பில இருந்து முடிவு வந்திட்டுது. நாய்க்கு விசர்தான். வாய்க்குள்ள கை விட்ட ஆக்கள் எல்லாரும் உடன ஏறுங்கோ. இப்ப போட்டால் தப்பலாம். விசர் வருத்தம் வெளிக்காட்டினால் பிறகு எங்களாலயும் ஒண்டும் செய்யேலாது."

ஜோசபீன் ஓடிப்போய்ப் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வந்து ஏத்தினாள். சின்னவன்ர செருப்புக் கழண்டு விழுந்ததையும் கவனிக்கேல்ல.

நிறஞ்சனா கண்ணில விழுந்த மண்ணைத் துடைச்சுக்கொண்டு யோசெப்பைப் பார்த்தாள்.

"அண்ணை, முதன்முதல் கை விட்டது நீங்கள்தானே. நீங்களும் போய் ஏறுங்கோ. உயிர் பெரிசு."

யோசெப் படலைப் பக்கம் திரும்பினார்.

"ஐயாவுக்குத் தேவையில்லை," எண்டா மிஸ்ஸி. "ஏதோ தெருநாய் நக்கினதெண்டு சொல்லி, போன கிழமையே என்னட்டை வந்து ஊசி போடத் தொடங்கிட்டார்."