சூடு கொஞ்சம் அதிகம்

மூன்றாவது மதர்போர்டிலும் பொருத்திப் பார்த்துவிட்டார் விமர்சகர். விசிறி சுற்றியது, திரைதான் இருட்டு. கடைக்கு வராத புது பிராசஸர். ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டி, எவ்வளவு வேகம் தாங்குகிறதென்று எழுதத்தான் கம்பெனி அனுப்பியிருந்தது.

பத்திரிகை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, கருக்கிட்டியா?"

"ஆன் ஆகவே மாட்டேங்குது சார்."

"மத்த பத்திரிகைக்காரங்க எல்லாரும் ஆறரை கிகாஹெர்ட்ஸ் வேகம் தொட்டாச்சு. உன்கிட்ட மட்டும் முரண்டு பிடிக்குதாக்கும்! மத்தியானத்துக்குள்ள கட்டுரை நம்ம வெப்சைட்ல வரணும்."

விமர்சகர் மற்றவர்கள் எழுதியதைப் படித்தார். 'பறக்கிறது.' 'மிரட்டுகிறது.' தன் கைராசியின் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு 'ஆறரை' என்று தட்டினார். வெறுமனே புகழ்ந்தால் எவன் நம்புவான்? 'சூடு கொஞ்சம் அதிகம்' என்று ஒரு குறையையும் சேர்த்தார்.

சாயங்காலம் கம்பெனி அதிகாரி போனில் குழைந்தார். "பார்சல் மாறிப்போச்சு சார். கண்காட்சில வைக்கிற டம்மிய அனுப்பிட்டோம். உள்ள ஒண்ணுமே கிடையாது, வெறும் தகடு."

"எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான்."

தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அந்த 'மிரட்டுகிறது' ஆசாமியைத் திட்ட வாயெடுத்த விமர்சகர், அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஒண்ணும் வேணாம் சார். எல்லாரும் பிரமாதமா எழுதிட்டாங்க, அப்படியே இருக்கட்டும். நீங்க ஒருத்தர்தான் சூடாகுதுன்னு போட்டிருக்கீங்க. அத மட்டும் எடுத்துடுங்க. இப்படியா சார் அபாண்டமா எழுதுவாங்க?"