பத்து மாம்பழம்

குண்டசாலையில் மழை விட்டு வெயில் சாய்கிற நேரம். குசினி மேசையில் விரித்துக் கிடக்கும் மாதிரி வினாத்தாளின் மேல் கமலாசனியின் நிழல் விழுகிறது. கையில் எண்ணெய் வடிகிற கரண்டி. ‘ஒரு தாய் பத்து மாம்பழங்களை மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் பகிர்ந்தாள். ஒவ்வொருவருக்கும் எத்தனை?’ கீழே மகள் றஜிதாவின் உருண்டைக் கையெழுத்து: மகனுக்கு ஆறு, மகளுக்கு நாலு. கமலாசனிக்குப் பத்திக்கொண்டு வருகிறது. “சமமாக எண்டு கொட்டை எழுத்திலை கிடக்கு. கண் தெரியேல்லையே? எத்தினை தரம் சொன்னனான், படிப்படியாச் செய்யெண்டு?” “படிப்படியாத்தான் செய்தனான்,” என்கிறாள் றஜிதா. “அண்ணா வளருற பொடியன், அவருக்குக் கூட வேணும். எனக்குக் கொஞ்சம் காணும். ரெண்டு பேருக்கும் வயிறு நிரம்பினாச் சமன்தானே. நீங்கள்தானே அப்பிடிச் சொல்லுறனீங்கள்.”

சட்டியில் எண்ணெய் சீறுகிறது. கமலாசனி கரண்டியை வைத்துவிட்டு, கிரிக்கெட் விளையாடப் போன மகனுக்கென்று மூடி வைத்த தட்டைத் திறக்கிறாள். நாலு ரோல்ஸ். ஒன்றை எடுத்து, இரண்டு கிடக்கிற மகளின் தட்டில் டக்கென்று வைக்கிறாள். “இப்ப செய்.” றஜிதா அழிறப்பரால் அழுத்தித் தேய்க்கிறாள், தாள் கசங்குகிறது. ஐந்து, ஐந்து என்று எழுதுகிறாள். பிறகு, நிமிர்ந்து பார்க்காமலே அந்த ரோலை எடுத்து அண்ணாவின் தட்டில் திருப்பி வைத்து மூடுகிறாள். “சரி அம்மா. சோதினைக்கு இப்பிடி எழுதுறன்.”