ஆக்டேவின் இரண்டாவது சுற்று

"நம்ம ஆக்டேவ் போய்ச் சேந்துட்டான்" என்று அல்சீட் மைக்கில் சொன்னபோது, அந்த ஆக்டேவ் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஸ்ட்ராபெரி சாறு ஊற்றிய ஐஸ் தூளைக் கரண்டியால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

மேடையில் பின்னால் டிரம்ஸோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது.

நியூ ஆர்லியன்ஸ் கோடை விழாவில் ஐம்பத்திரண்டு வருடமாக வாசிக்கிற ஜாஸ் குழு எங்களுடையது. அல்சீட் டிரம்பெட், அவர்தான் தலைவர். ஆக்டேவ் டிராம்போன், நீளக் குழாயை இழுத்து இழுத்து ஊதுகிற வாத்தியம். இருவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள்.

ஒன்பது வருடம் முன்பு இதே விழாவில், ஆக்டேவ் தனியாக வாசிக்கிற இடம். ஒரு சுற்று முடித்து இரண்டாவதுக்கு மூச்சை இழுத்தார். அதற்குள் அல்சீட் டிரம்பெட்டோடு குறுக்கே பாய்ந்துவிட்டார். எங்கள் ஊரில் காரைத் திருடினவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், அடுத்தவன் சுற்றைத் திருடினவனை மன்னிக்க மாட்டார்கள். பாதிப் பாட்டில் இறங்கிப் போனவர்தான் ஆக்டேவ். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

போன வாரம் ஒத்திகைக்கு வந்த அல்சீட், "சலூன்ல கேள்விப்பட்டேன். ஆக்டேவ் செவ்வாய்க்கிழமை போயிட்டானாம்" என்றார்.

"அடக்கம் எப்போ?"

"மக ஊர்லயே முடிச்சுட்டாங்களாம்."

நாங்கள் நம்பினோம். இன்று மேடையில் ஒரு காலி நாற்காலி போட்டு, அதில் ஒரு டிராம்போனை வைத்து, கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தார் அல்சீட். அழுகிற பாட்டு ஒன்றை மெதுவாக வாசித்தோம். பிறகு அவர் தொப்பியைக் கழற்றினார்.

"அந்த ரெண்டாவது சுத்த நான்தான் பிடுங்கினேன். பாட்டு நீளுதுன்னு அன்னிக்குச் சொன்னேன். பொய். என்னைவிட அவனுக்கு ஜாஸ்தி கை தட்டினாங்க. வயிறு எரிஞ்சுது."

கூட்டத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மூன்றாவது வரிசையில் நடந்ததை ஆக்டேவின் மனைவி ஆர்டென்ஸ் பிறகுதான் சொன்னாள். 'இவனுங்க வாசிப்பை மனுஷன் கேப்பானா' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஆக்டேவ், ஒன்பது வருடமும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தவறாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"எவன்டி செத்தது?" என்று எழுந்திருக்கிறார்.

"உக்காருங்க. உங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசுறாரு. முழுசாக் கேட்டுட்டு அப்புறமா உயிரோட இருங்க."

உட்கார்ந்துவிட்டாராம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம்.

அல்சீட் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"அவன மாதிரி வாசிக்க இனிமே ஒருத்தன் பொறக்கணும். ஆனா செத்தவனப் பத்திப் பொய் சொல்லக் கூடாது பாருங்க. கடைசியில அவனுக்கு மூச்சு பத்தல. நான் அந்த ரெண்டாவது சுத்த விட்டிருந்தாலும் அவனால முடிச்சிருக்க முடியாது."

"யாருக்குடா மூச்சு பத்தல?"

ஐஸ் கிண்ணம் பறந்தது. ஒரு பெண் வீலென்று கத்தினாள். நாலு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எங்கள் பியானோக்காரர் பியானோவுக்கு அடியில் போய்விட்டார்.

எழுபத்தெட்டு வயது மனுஷன் தடதடவென்று படியேறி வந்தார். ரிப்பனைப் பிய்த்தெறிந்தார். டிராம்போனை எடுத்தார்.

"என்னடா பாக்குற? அடி!" என்றார் என்னிடம்.

பேயே சொன்னாலும் தாளம் தாளம்தானே. அடித்தேன்.

ஒரு சுற்று. இரண்டு. மூன்று. நாலாவதில் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது, மனுஷன் நிறுத்தவில்லை. அல்சீட் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து டிரம்பெட்டை மடியில் போட்டுக்கொண்டு, குறுக்கே ஒரு மூச்சு விடாமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் குடைகளை விரித்து, கைக்குட்டையைச் சுழற்றி ஆடத் தொடங்கிவிட்டது. அடக்கம் முடிந்தால் ஆடுவது எங்கள் ஊர் வழக்கம்தான். பிணமே வாசித்து ஊர் ஆடியது இதுதான் முதல் தடவை.

வாசித்து முடித்த ஆக்டேவ் நேராகப் போய் அல்சீட்டின் சட்டையைப் பிடித்தார்.

"இப்ப சொல்லுடா. யாருக்கு மூச்சு பத்தல?"

"உனக்குத்தான். இதோ வாங்குதே."

இரண்டு கிழங்களும் கட்டிக்கொண்டு சிரித்தன. பிறகு அழுதன. பிறகு அடுத்த பாட்டு எது என்று சண்டை போட்டன.

மேடைக்குப் பின்னால் வந்ததும் எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏன்யா, தலைவர்னா ஒரு பொறுப்பு வேணாமா? சலூன்ல எவனோ சொன்னான்னு உயிரோட இருக்கிற மனுஷனுக்குக் கருமாதி பண்ணுவியா? மேடை ஏறுறதுக்கு முன்னாடி அவர் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?"

அல்சீட் டிரம்பெட்டிலிருந்து எச்சிலை வடித்துக்கொண்டே சொன்னார்.

"போன வாரமே போட்டேனே. அவனேதான் எடுத்தான். உயிரோட இருக்கிறவன்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரல, வச்சுட்டேன்."