வரிக்குள் அடங்காத பெயர்

பழைய நூற்பாலையின் வாசலில் மாட்ட எனாமல் பலகை கேட்டிருந்தார்கள். அங்கே தீயில் இறந்த பன்னிரண்டு தொழிலாளர்களின் பட்டியலும் வந்திருந்தது. பலகைக்காரருக்குக் கடைசிப் பெயர் வரிக்குள் அடங்கவில்லை. யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்று அதை விட்டுவிட்டு, மேலே 'பதினொரு பேர்' என்று எழுதிச் சூளையில் சுட்டார். பட்டியலைக் கசக்கி எறிந்தார்.

மாட்டிய மறுநாள், பார்க்க வருபவர்களுக்கு ஆலையைச் சுற்றிக்காட்டும் பெண்மணி போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, மேல பன்னிரண்டுன்னு போட்டிருக்கு. கீழ எண்ணுனா பதினொண்ணுதான் வருது."

"பதினொண்ணுன்னுதானேம்மா எழுதினேன்!"

"வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார். பன்னிரண்டுதான். அவருடைய எழுத்தேதான். விரலால் தடவினார், வழவழவென்று இருந்தது. அழித்த தடமே இல்லை.

"யாருண்ணே விட்டுப்போச்சு?"

"ஒரு பொம்பளை. பேரு நீளமா இருந்துச்சு... நான்தான் விட்டுட்டேன்."

சொல்லும்போதே தலை தானாகக் குனிந்தது. அந்தப் பெண்மணி ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"சரி, பேரைச் சொல்லுங்க. வர்றவங்ககிட்ட நானே சொல்லிடுறேன்."

அவர் வாயைத் திறந்தார். எவ்வளவு யோசித்தும் ஓர் எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பெண்மணி பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்.