வெளுத்த கல்

மதிய வெயில் அச்சகத்தின் கண்ணாடிக் கதவு வழியே வந்து, மேசைமேல் விரித்திருக்கும் கண்காட்சிப் பதாகையில் விழுகிறது. மை இன்னும் காயவில்லை. நடுவில் ஒரு பெரிய சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, சிறுகோள் பட்டையின் வெளியோரத்தில் சுற்றுவது. மேலே விழும் வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடுகிற கரிக்கட்டை. பதாகையிலோ தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் குண்டான்போலப் பளபளக்கிறது. அதன் அடியிலேயே, கொஞ்சமும் கூசாமல், அதை ஆராய்ந்தவள் எழுதிக்கொடுத்த தலைப்பு: ‘கரியைவிடக் கறுப்பு’. அவள் மேசை முன் நிற்கிறாள். மூச்சு சத்தமாக வருகிறது. “இது யாரு பார்த்த வேலை?” வடிவமைப்பாளன் கணினியிலிருந்து தலையைத் தூக்கிச் சிரிக்கிறான். “நான்தான் மேடம். ஒரே இருட்டா இருந்துச்சு, எடுப்பாவே இல்ல. பிரைட்னஸைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன்.” “அது இருட்டா இருக்கறதுதான்யா விஷயமே! இத்தனை வருஷமா வேற எதை அளந்துட்டிருக்கேன்னு நினைச்ச?” இயந்திரம் அடுத்த பதாகையைக் கரகரவென்று துப்புகிறது. அவன் சிரிப்பு வடிகிறது. “கோவப்படாதீங்க மேடம். கல்லைப் பழையபடி கறுப்பாக்கிடறேன், ஒரு நிமிஷ வேலை.” அவள் காதில் அது விழவில்லை. பதாகையின் மூலையில் அவளுடைய புகைப்படம். அதே மூக்கு, அதே கண்ணாடி, யாரோ ஒருத்தியின் பால் நிறம். தன் முன்கையை அந்த முகத்தின்மேல் வைத்து அழுத்துகிறாள். ஈர மையில் கன்னம் கலைகிறது. “அது வந்து, உங்களுக்கு நல்லா இருக்கட்டுமேன்னுதான்...” என்று அவன் இழுக்கிறான். அவள் கையை எடுக்கவில்லை.

“ரெண்டையும் கறுப்பாக்கு.”