கிரீஸ் ஏறாத ஆணி

உடைந்த ஆணியை இன்ஜினியர் ரகுநாதன் எங்கள் காலடியில் போட்டார்.

"இதுக்குக் கிரீஸ் அடிச்சது யாரு?"

நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்றிருந்தோம். அல் ஐன் யார்டில் காலைப் பனி இன்னும் விலகவில்லை. நிறுத்தி வைத்திருந்த டிரெய்லர்களின் இரும்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சுவரில் அடிக்கிற ஆணி அல்ல அது. மணிக்கட்டுப் பருமன். டிரெய்லரின் தொட்டி பின்பக்கம் சாய்ந்து கல்லைக் கொட்டும்போது, மொத்த பாரமும் கீலில் இருக்கும் இந்த ஆணிகளின் மேல்தான் நிற்கும்.

நேற்று அதில் ஒன்று முறிந்தது. தொட்டி பக்கவாட்டில் சரிந்து வண்டியையே கவிழ்த்துவிட்டது. கேபினிலிருந்து குதித்த டிரைவர் கௌஸ் முகைதீன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

குனிந்து ஆணியை எடுத்தேன். வெளியே தெரியும் முனையில் புதுக் கிரீஸ் மொழுமொழுவென்று இருந்தது. கீலுக்குள் இருந்த பாகம் முழுக்கச் செந்துரு.

வெல்டர் முனியசாமி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"என்ன ஃபோர்மேன், கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வச்ச மாதிரி மேலாக்கத் தடவி வச்சிருக்கு?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

எமிரேட்டுகள் ஒரே நாடாகி அது மூன்றாவது குளிர்காலம். பார்த்த பக்கமெல்லாம் சாலை போட்டார்கள். கல்லும் மணலும் எங்கள் டிரெய்லர்களில்தான் போயின.

மழை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு டிரெய்லரையும் சர்வீஸ் பார்த்துவிட வேண்டும் என்பது நான் வைத்த ஒழுங்கு. காலித் தொட்டியைத் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, ஆணியின் மேல் பாரமில்லாமல் செய்ய வேண்டும். அப்புறம் கீழே புகுந்து, உள்ளே இருக்கும் பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை பம்ப் அடிக்க வேண்டும். குளிரில் கிரீஸ் இறுகிக் கிடக்கும். தோள்பட்டை கழன்றுவிடும்.

தொட்டியைத் தூக்காமலே விரலால் வழித்து வெளியே பூசிவிட்டும் போகலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதனால்தான், எவன் செய்த வேலையானாலும் கீல் இடுக்கில் விரலை விட்டுப் பார்க்காமல் வண்டியை வெளியே விடமாட்டேன். ஒருவன் வேலையை மட்டும் அப்படிப் பார்த்ததில்லை. கூடப் பிறந்தவன் செய்த வேலையைப் பத்துப் பேர் முன்னால் தோண்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

இந்த டிரெய்லரைப் பார்த்தது கார்மேகம். என் தம்பி.

அவன் அதை சர்வீஸ் பார்த்த அன்று வெள்ளிக்கிழமை. எல்லோருக்கும் லீவு. யார்டில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். ஆகவே இன்ஜினியரின் கேள்விக்கு இரண்டே பதில்கள்தான் இருக்க முடியும்.

கார்மேகம் வரிசையின் கடைசியில் நின்றான். அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். வெட்கப்படவாவது தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பெயர் வெளியே வந்தால் விசா ரத்து. அவனுக்கு வைகாசியில் கல்யாணம். ஃபோர்மேன் பொன்னுச்சாமியின் தம்பி என்ற ஒரே காரணத்துக்காகக் கமுதியில் பெண் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேலையில் ஏமாற்றி ஒருவன் காலை ஒடித்துவிட்டு வந்தவன் என்று தெரிந்தால், பாக்குத் தாம்பாளம் அப்படியே திரும்பி வரும். எங்கள் அப்பா பெயரும் அதோடு தெருவுக்கு வரும்.

என்னை அனுப்பினால் ஊரில் வேறு மாதிரிப் பேசுவார்கள். வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது, பாவம், அசந்துவிட்டார் என்பார்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"நான்தான் சார்."

ரகுநாதன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"கார்மேகம் விடியறதுக்கு முன்னாடியே என் ரூமுக்கு வந்தான். அண்ணன்தான் பார்த்தாருன்னு சொன்னான். நான் நம்பலைய்யா. கூடப் பொறந்தவர் மேலயே பழி போடுறியான்னு திட்டி அனுப்பிட்டேன். நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவனைத்தான் அனுப்பியிருப்பேன். அதுக்குத்தான் எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

முனியசாமி வரிசையின் கடைசிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

இல்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சொன்னால், ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் எவன் பொய்யன் என்று பட்டாணியர்களும் மலையாளிகளும் கேம்ப்பில் உட்கார்ந்து பேசுவார்கள்.

"நாளைக்கே கிளம்புற மாதிரி இருக்கும்" என்றார் ரகுநாதன், என் முகத்தைப் பார்க்காமல்.

"சரிங்க சார்."

அப்போதுதான் கார்மேகம் வரிசையிலிருந்து முன்னால் வந்தான். என் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு தம்பி பேச வேண்டிய பணிவோடு சொன்னான்:

"பெட்டிய நான் கட்டித் தர்றேண்ணே."