பச்சைச் சுருள்

“எனக்கு இந்தப் படிப்பு வராதும்மா. சார்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்.” போனை வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கருத்தரங்க அறைக்குள் நுழைந்தாள் அவள்.

திடப்பொருளுக்குள் எலக்ட்ரான்கள் கூட்டமாக என்னென்ன கூத்தடிக்கின்றன என்று காகிதத்திலேயே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக் குழு அது. அவள்தான் அதில் கடைக்குட்டி.

பேராசிரியர் வெளிநாடு கிளம்பிய அன்று, அவசர அவசரமாக இந்த அறையின் வெள்ளைப் பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டுப் போயிருந்தார். எல்லாம் கறுப்பு மை. இடது ஓரத்தில் மட்டும் பச்சையில் ஒரு சுருள். அதுதான் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

“அண்ணா, இது எதைக் குறிக்குது?” என்று அப்போதே மூத்த மாணவனைக் கேட்டாள்.

“தனியாப் பச்சையில போட்டிருக்காருன்னா எவ்வளவு முக்கியம்னு யோசிக்க வேணாமா? இதுகூடத் தெரியாம எப்படி இங்க வந்த?”

முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் குழுவை விட்டு நகராத டாக்டர் ஒரு படி மேலே போனார். “இதெல்லாம் சொல்லிப் புரிய வைக்கிறதில்லம்மா. உள்ளுக்குள்ள தோணணும்.”

அவளுக்குத் தோன்றவில்லை. சுருளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாள். விடை அழகாக வந்தது. காட்டியபோது இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “மாப்பிள்ளையே இல்லாமக் கல்யாணம் பண்ணியிருக்கியே!”

பிறகு அந்தச் சுருளைக் கிரேக்க எழுத்தாக்கி, அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்கள். பேராசிரியர் பெயரையும் போட்டு அவருக்கு அனுப்பினார்கள். ஏதோ ஒரு விமான நிலையத்திலிருந்து ‘பிரமாதம்’ என்று பதில் வந்தது. கட்டுரை அச்சிலும் வந்துவிட்டது.

இன்றுதான் அவர் திரும்பியிருக்கிறார். அந்த எழுத்து எலக்ட்ரான்களை எப்படியெல்லாம் முறுக்குகிறது என்று மூத்தவன் மூச்சு விடாமல் விளக்கினான். பேராசிரியர் கண்ணை மூடித் தலையாட்டினார். அறையே சேர்ந்து ஆட்டியது.

“யாருக்காவது சந்தேகம்?”

போகிறவளுக்கு இனி என்ன பயம்? எழுந்தாள். “சார், கட்டுரையில இருக்கிற அந்த எழுத்து, பலகையில நீங்க போட்ட பச்சைச் சுருள்தான். அது என்னன்னு எனக்கு இன்னும் புரியல. அதை மட்டும் சொல்லிடுங்க, நான் கிளம்பிடறேன்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் உச்சுக் கொட்டினார்.

“நான் போட்டதா? எங்கே?”

‘அழிக்காதீர்கள்’ என்று எழுதிக் கட்டிக் காத்த பலகையின் ஓரத்தை அவள் காட்டினாள். பேராசிரியர் எழுந்து போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“இதுவா? மார்க்கர் எழுதுதான்னு கிறுக்கிப் பாத்தேம்மா.”